ரோஸ்மீட் ஹோட்டல் – அத்தியாயம் 11: செவ்வாய்க்கிழமைத் தம்பதி

ஹோட்டலை விற்பதற்கு ஞானரட்ணமும் சம்மதித்துவிட்டார், மேரிசாந்தியும் சம்மதித்துவிட்டார். அந்த ஆச்சரியத்தோடுதான் போன வாரம் நாம் லண்டன் இல்ஃபோர்ட்டை விட்டு வந்தோம். நான்கு வருடங்களுக்கு முன்பு விவாகரத்து வாங்கிக்கொண்ட இந்த இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நாளில் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

இன்றைக்குத்தான் கதையின் உள்ளே வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இவர்கள் பிரிந்தார்களே தவிர, ஹோட்டலை விட்டு இருவரும் போகவில்லை. சமையல் நடக்கும் குசினியும் கீழ்த்தளமும் ஞானரட்ணத்தின் ராஜ்யம். அறைகளும் துணி தோய்க்கும் இடமும் மேரிசாந்தியின் ராஜ்யம். அவர் கீழே ஒன்றாம் நம்பர் அறையில் படுப்பார். அவள் மொட்டைக் கூரைக்குக் கீழே உள்ள சின்ன அறையில். ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் மகள் லோஜினிதான் படியேறிப் படியிறங்கிச் சுமந்தாள்.

இன்று காலையும் அப்படித்தான் தொடங்கியது.

"பிள்ளை, மேல நிக்கிற மனுசியிட்டச் சொல்லு, மேசை விரிப்பில பருப்புக் கறை இன்னும் போகேல்லை எண்டு."

படியில் துவாய்க் கட்டோடு நின்ற மேரிசாந்திக்கு அது நேராகவே கேட்டது. ஆனாலும் அவள் மகளைத்தான் பார்த்தாள்.

"லோஜி, குசினிக்க நிக்கிற மனுசனிட்டச் சொல்லு, பருப்பைக் கோப்பையில ஊத்தினால் விரிப்பில கறை வராது எண்டு."

"அப்பா, அம்மா சொல்லுறா..."

"கேட்டது, கேட்டது."

சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். கல்யாணம் ஒன்றுக்காகப் பாரிசிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பமும், பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்த இரண்டு போலந்துக்கார எலெக்ட்ரீஷியன்களும். பாதி அறைகள் வெறுமையாகக் கிடந்தன. முன்பெல்லாம் இந்த மாதத்தில் ரோஸ்மீட்டில் அறை கிடைப்பது கஷ்டம். இப்போது ரயில் நிலைய வாசலிலேயே பெரிய கம்பனி ஹோட்டல்கள் வந்துவிட்டன.

லோஜினிக்கு முப்பத்திரண்டு வயது. நகரத்தின் நடுவே பெரிய ஹோட்டல் ஒன்றில் மனேஜராக இருந்தவள். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, "ரெண்டு கிழமை நிண்டு பாத்துட்டுப் போறன்" என்று வந்தாள். அந்த இரண்டு வாரத்துக்கு இப்போது நான்கு வயது. இடையில் யதுசன் என்று ஒருவன் அவளைக் கேட்டான். நல்லவன். டொரொன்டோவுக்கு வரச் சொன்னான். 'நான் போனால் இவை ரெண்டு பேருக்கும் நடுவில ஆர் நிக்கிறது?' என்று யோசித்து, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். போன வருடம் அவனுடைய கல்யாணப் படங்களைப் பார்த்து 'வாழ்த்துகள்' என்று எழுதி அனுப்பினாள்.

விவாகரத்தின்போது ஹோட்டல் மூன்று பெயரில் எழுதப்பட்டது: தகப்பன், தாய், மகள். மூவரும் கையெழுத்து வைத்தால்தான் விற்க முடியும். லோஜினிக்கு விற்க மனமில்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசாத இரண்டு முதலாளிகளை வைத்துக்கொண்டு எந்த ஹோட்டலைத்தான் நடத்துவது? அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவள் சரி என்றாள்.

பதினொரு மணிக்கு அவளுடைய அண்ணன் சயந்தன் குட்மேய்ஸில் இருந்து வந்து சேர்ந்தான். கணக்காளர். விற்பனை வேலை எல்லாவற்றையும் ஃபோனிலும் வழக்கறிஞர் மூலமும் பார்த்தவன் அவன்தான்.

"ஆள் வந்திட்டாரோ?" என்று கேட்டுக்கொண்டே டையைச் சரி செய்தான்.

"இன்னும் இல்லை. ஏன் அண்ணா உங்களுக்கு இப்பிடி வேர்க்குது? மழை பெய்யுது வெளியில."

"ட்ரெயினுக்குள்ள சரியான சூடு," என்றான் சயந்தன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஐந்து நிமிடத்தில் வாங்குகிறவர் வந்துவிட்டார். லோஜினி ஒரு தொப்பை விழுந்த மனிதரை எதிர்பார்த்திருந்தாள். வந்தவனுக்கு நாற்பது வயதுகூட இராது. நெடிய உருவம். வாசலில் நின்று சப்பாத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"நான் பத்ரிநாராயணன். பத்ரின்னு கூப்பிடுங்க. எங்க ஆளுங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க, நான் வரது இதுதான் முதல் தடவை." அண்ணாந்து கூரையோரத்து வேலைப்பாடுகளைப் பார்த்தான். "போட்டோல இவ்வளவு அழகா தெரியலையே."

சென்னைக்காரன். ரொம்ஃபோர்ட்டில் ஒன்று, பார்க்கிங் என்ற ஊரில் ஒன்று என்று இரண்டு ஹோட்டல்கள் நடத்துகிறான். இவ்வளவுதான் லோஜினிக்குத் தெரியும். அவன் அந்தக் கூரையைப் பார்த்த விதம் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை. தேநீர், ஞானரட்ணம் காலையிலேயே பொரித்து வைத்த மரக்கறி ரோல்ஸ், சயந்தனின் பைல். பத்ரி முதல் ரோல்ஸைக் கடித்து, கண்ணை மூடித் திறந்தான்.

"அப்பாவையும் அம்மாவையும் கூப்பிடுறன்," என்றாள் லோஜினி.

குசினிக் கதவால் ஞானரட்ணம் வந்தார், ஏப்ரனைக் கழற்றாமலே. மாடிக் கதவால் மேரிசாந்தி வந்தாள், கையில் மடித்த துவாயோடு. வழக்கம்போல இருவரும் மேசையின் இரண்டு அந்தங்களில் போய் நின்றார்கள்.

பத்ரி மரியாதையாக எழுந்து கையை நீட்டினான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் முழுவதும் சிரிப்புப் பரவியது.

"அட! நீங்களா! மிஸ்டர் அண்ட் மிஸஸ் பீட்டர்!"

மேரிசாந்தி துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்ன சார், என்னைத் தெரியலையா? ரொம்ஃபோர்ட்ல ரிசெப்ஷன்ல நிப்பேனே. செவ்வாய்க்கிழமை ஆனா தவறாம வந்துடுவீங்களே!" சயந்தனின் பக்கம் திரும்பினான். "உங்க அப்பா அம்மான்னு சொல்லவே இல்லையே சார். எங்க ஸ்டாஃப் எல்லாம் இவங்களுக்கு ஹனிமூன் கப்பிள்னுதான் பேர் வெச்சிருக்காங்க. டூ நாட் எய்ட்தான் வேணும்பாங்க. வேற ரூம் குடுத்தா வேண்டாம்னு காத்துக்கிட்டு..."

அப்போதுதான் அவன் மற்றவர்களின் முகங்களைக் கவனித்தான்.

"நான்... ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

லோஜினி ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்துவிட்டோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. முதலில், ஆள் மாறிச் சொல்கிறான் என்று நினைத்தாள். லண்டனில் ஒரே சாயலில் எத்தனை தமிழர்கள் இல்லை! பிறகு அப்பாவின் காதுகளைப் பார்த்தாள். அவை இரண்டும் சிவந்து போயிருந்தன. அறுபத்து மூன்று வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியனைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பீட்டரோ?" என்றான் சயந்தன் வாயைப் பிளந்தபடி. "ரொம்ஃபோர்ட்டோ?"

"அம்மா," என்றாள் லோஜினி. "ஆர் அந்த பீட்டர்?"

மேரிசாந்தி மடித்திருந்த துவாயை மறுபடி மடித்தாள்.

"என்ர அப்பாவின்ர பேர்தான். அவசரத்துக்கு வேற பேர் வாயில வரேல்லை."

"நீங்கள் செவ்வாய்க்கிழமையில ஃபொரஸ்ட் கேட்டுக்கு அந்தோனியார் கோயில் நவநாள் செபத்துக்கெல்லோ போறனீங்கள்?"

"போறனான்தான். அந்தோனியாரிட்டப் போயிட்டுத்தான் பிறகு அங்க போறனான்."

"அப்பா, நீங்கள் மனோர் பார்க் முருகனிட்ட..."

"நானும் கும்பிட்டுட்டுத்தான் போறனான், பிள்ளை. முருகனுக்கு நான் பொய் சொல்லேல்லை."

"அப்ப எங்களுக்கு?"

பத்ரி மெதுவாக இருக்கையில் அமர்ந்து, இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டான். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாதபோது மனிதர்கள் செய்கிற காரியம் அது.

"எப்ப தொடங்கினது உது?" என்று கேட்டாள் லோஜினி.

"போன மாரிக் குளிரில," என்றார் ஞானரட்ணம். "ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலால வந்து எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில ஏறினன். நல்ல மழை. பஸ் நிறையச் சனம். ஒரே ஒரு சீட்தான் இருந்தது. பாத்தால், பக்கத்தில உங்கட அம்மா."

"மழை இல்லை," என்றாள் மேரிசாந்தி. "மழை பிறகுதான் வந்தது."

"இல்லையப்பா. நீர் குடையை மடிச்சு வைச்சுக்கொண்டெல்லோ இருந்தனீர்."

"நான் எப்பவும் குடை கொண்டுபோறனான். உங்களுக்கு அதுவும் தெரியாது."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா அம்மாவோடு பேசிவிட்டார். அதுவும் 'நீர்' என்று, புருஷன் பெண்சாதியை அன்போடு கூப்பிடுகிற முறையில். நான்கு வருடங்களாக இந்த வீட்டில் கேட்காத சொல். ஹனிமூன், பீட்டர், இருநூற்றெட்டு எல்லாவற்றையும் விட அந்த ஒற்றைச் சொல்தான் லோஜினியை உலுக்கியது.

"நான் இருந்தன்," என்று ஞானரட்ணம் தொடர்ந்தார். "அவ ஒண்டும் கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை. இல்ஃபோர்ட் வந்தது. நான் உள்பக்கம் இருக்கிறவ எழும்பட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

"வெளிப்பக்கம் இருக்கிறவர் எழும்பினால்தானே நான் எழும்பலாம்," என்றாள் மேரிசாந்தி. "வழி விடுங்கோ எண்டு நான் கேக்கமாட்டன். ஏன் கேக்கோணும்?"

"இல்ஃபோர்ட் போச்சு. குட்மேய்ஸும் போச்சு. ரெண்டு பேரும் அசையேல்லை. கடைசியில டிரைவர் எழும்பி வந்து, இதுதான் ரொம்ஃபோர்ட், இனிப் பஸ் போகாது, இறங்குங்கோ எண்டார்."

பத்ரி வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

இறங்கிய இடத்தில் மழை ஊற்றியது. எதிரே ஒரு ஹோட்டல். ஒதுங்கப் போனவர்களை மேசையருகே உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டார்.

"அப்ப எனக்கு அழுகை வந்திட்டுது, லோஜி," என்றாள் மேரிசாந்தி. "இருபத்தைஞ்சு வருசம் ஹோட்டல் நடத்தியிருக்கிறம். ஒரு நாளாவது எங்களை ஒருத்தர் இருத்தி, என்ன வேணும் எண்டு கேட்டதில்லை. இவர் என்ர முகத்தைப் பாத்தார். பாத்துட்டு, 'இவக்குச் சீனி இல்லாமல் தேத்தண்ணி' எண்டு சொன்னார். மறக்கேல்லை."

"அதுக்கு எதுக்கு அறை?" என்றான் சயந்தன். கேட்டபின், ஏன் கேட்டோம் என்று அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"நித்திரை கொள்ள," என்றாள் மேரிசாந்தி நிமிர்ந்து. "இஞ்ச கண்ணை மூடினால் ஆரும் வந்து தட்டுவினம். துவாய் இல்லை, சுடுதண்ணி வரேல்லை, அறைத் திறப்பைத் துலைச்சுப்போட்டம். அங்க கதவைப் பூட்டிப்போட்டு மூண்டு மணித்தியாலம் படுத்தன். ஒருத்தரும் தட்டேல்லை."

"அப்பா என்ன செய்தவர்?"

"கதிரையில இருந்து கிரிக்கெட் பாத்தன்," என்றார் ஞானரட்ணம். "சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு. அவ எழும்பிப்போடுவா எண்டு."

சிரிக்க வேண்டிய இடம்தான். வேறு யாருடைய தாய் தகப்பன் என்றால் லோஜினி கண்ணில் நீர் வரச் சிரித்திருப்பாள். இப்போது அவள் எழுந்தாள்.

"இண்டைக்குக் காலமையும் என்னட்டத்தானே சொல்லி அனுப்பினனீங்கள். கறை எண்டு. கோப்பை எண்டு."

"அது உண்மைச் சண்டை," என்றார் ஞானரட்ணம் அவசரமாக. "அந்த விரிப்பு..."

அவள் கேட்கவில்லை. குசினியைக் கடந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் போய் நின்றாள். மழை விட்டிருந்தது. அழுக்குத் துணிக் கூண்டுகள் வரிசையாக நின்றன. அவளுக்கு அழுகை வரவில்லை. மூச்சுத்தான் ஒழுங்காக வரவில்லை.

பின்னாலேயே மேரிசாந்தி வந்தாள். வந்தவள் கூண்டில் இருந்த விரிப்பு ஒன்றை எடுத்து உதறப்போய், அதை மறுபடி போட்டாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் சேந்ததுக்கு எனக்குக் கோபமில்லை," என்றாள் லோஜினி. "எனக்கு ஏன் சொல்லேல்லை? இந்தப் படியில நான் எத்தினை தரம் ஏறி இறங்கினனான்? யதுசனை நான் ஏன் வேண்டாம் எண்டனான்? உங்களுக்குத் தெரியுமோ?"

மேரிசாந்திக்குத் தெரியாது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ அந்தப் பொடியனைப் பிடிக்கேல்லை எண்டெல்லோ சொன்னனீ."

"பிடிச்சது."

சுவருக்கு அப்பால் எலிசபெத் லைன் ரயில் ஒன்று வேகம் குறைத்துக்கொண்டு நிலையத்துக்குள் போனது. தாய் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழைதான்," என்றாள் பிறகு. "சொல்லுவம், சொல்லுவம் எண்டு ரெண்டு பேரும் ஒவ்வொரு செவ்வாயும் கதைச்சம். ஆனால் எங்களுக்கு இந்த ஹோட்டல் போதும், லோஜி. இது எங்களைத் திண்டுபோட்டுது. உங்கட அப்பா நாலு வருசத்துக்கு முதல் விருந்தாளியளுக்கு முன்னால, 'நீ இல்லாட்டித்தான் இது உருப்படும்' எண்டு சொன்னாரே, அது அவரின்ர வாயில்லை. அவர் மூண்டு நாள் படுக்கேல்லை. நானும் படுக்கேல்லை. அடுத்த நாள் நான் விவாகரத்துக்கு வக்கீலிட்டப் போனன். விடுதலையாகிப் போகோணும் எண்டு ரெண்டு பேருக்கும் இப்ப ஆசை. உனக்கு இது உயிர். நாங்கள் ஒற்றுமை எண்டு தெரிஞ்சால் நீ விக்க விடமாட்டாய். சண்டை எண்டால்தான் விடுவாய்."

லோஜினி தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்காகவோ? நான் கையெழுத்து வைக்கோணும் எண்டதுக்காக நடிச்சனீங்களோ?"

"நடிச்சது எண்டில்லை..."

"வேற என்ன?"

மேரிசாந்தி தயங்கினாள். சொல்லாமல் விட்டால் இன்னும் மோசமாகும் என்று முடிவு செய்தவளைப்போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"போன மாசம் நாங்கள் பதிஞ்சிட்டம். பதிவுக் கந்தோரில. திரும்பக் கலியாணம் செய்திட்டம், பிள்ளை."

வளவின் ஈரத்தில் லோஜினி அப்படியே நின்றாள். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் அந்த நாளில் ரிசெப்ஷனில் நின்று யாருக்கோ திறப்புக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணுமே," என்றாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. "ஆர் கையெழுத்து வைச்சது?"

"வாசலில நிண்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. கேட்டவுடன சந்தோசமா வந்தவ."

"மற்றது?"

மேரிசாந்தி குனிந்துகொண்டாள்.

"சயந்தன்."

தாய் பின்னால் வர, லோஜினி மண்டபத்துக்குள் திரும்பி வந்தபோது, சயந்தன் டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"லோஜி, நான் சொல்லத்தான் இருந்தனான். அவை ரெண்டு பேரும் என்னட்ட அந்தோனியாரிலயும் முருகனிலயும் சத்தியம் வாங்கிப்போட்டினம். ஒண்டெண்டால் மீறலாம். ரெண்டையும் என்னெண்டு மீறுறது?"

"நல்லா நடிச்சியள் அண்ணா. 'பீட்டரோ' எண்டு வாயைத் திறந்தியள்."

"அது எனக்கு உண்மையாவே தெரியாது! ரொம்ஃபோர்ட் கதை இண்டைக்குத்தான் கேக்கிறன். பதிஞ்சது மட்டும்தான் தெரியும்."

"அது மட்டுமோ!"

பாரிஸ் குடும்பம் கல்யாணத்துக்குச் சேலையும் வேட்டியுமாக இறங்கி வந்தது. அந்த அம்மாள் இவர்களைப் பார்த்து, "என்ன, வீட்டிலும் விசேஷமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வாசற்கதவு சாத்தப்படும்வரை நால்வரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். ஹோட்டல்காரர்களின் பழக்கம்.

பிறகு சயந்தன் பைலைத் திறந்து பேனாவை மேசையில் வைத்தான்.

"கோபம் வரும். நியாயம்தான். ஆனால் வியாபாரத்தைப் பார், லோஜி. இது அடுத்த மாரிக்குத் தாங்காது. இவர் நல்ல ஆள். இதை விட்டால் இப்பிடி ஒருத்தர் வரமாட்டார்."

லோஜினி பேனாவை எடுத்தாள். ஞானரட்ணம் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவள் அதைத் திருப்பி, அண்ணனின் சட்டைப் பையில் செருகிவிட்டாள்.

"நான் வைக்கமாட்டன்."

இதைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே ஒரு நிமிடம் முன்புவரை தெரியாது. சொன்ன குரலும் தன்னுடையதுபோல இல்லை. ஆனால் சொன்னதும் வளவில் அடைத்திருந்த மூச்சு சீராக வந்தது.

"பிள்ளை..." என்றார் ஞானரட்ணம்.

"நான் ஏன் விக்கிறதுக்கு ஓம் எண்டனான்? நீங்கள் ரெண்டு பேரும் சண்டை, நடத்த ஏலாது எண்டுதான். இப்ப சண்டை இல்லை. அப்ப நான் ஏன் விக்கோணும்?"

ஞானரட்ணம் கதிரையில் இருந்தார். ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்; விரல்கள் அவசரப்பட்டதில் முடிச்சு இறுகியது. மேரிசாந்தி போய்க் குனிந்து அதை அவிழ்த்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் என்பதை இருவருமே மறந்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்டும் பெரிசா வேண்டாம், லோஜி," என்றார் அவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஒரு நாளாவது காலமை எட்டு மணிக்குப் படுக்கையில கிடந்து பாக்கோணும். முட்டை பொரிக்காமல். அவ்வளவுதான். எங்களுக்கு வயது போகுது. அவவோட கொஞ்சம் இருக்கவேணும்."

அந்தப் பேச்சு லோஜினியின் கோபத்தில் பாதியை எடுத்துவிட்டது. மீதியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"கிடவுங்கோ அப்பா. ஆர் வேண்டாம் எண்டது? நாளைக்கே கிடவுங்கோ. அம்மாவும் கிடக்கட்டும். ரொம்ஃபோர்ட்டுக்கு ஏன் போறியள்? இஞ்ச பாதி அறை வெறுமை. நீங்கள் ரெண்டு பேரும் விலகுங்கோ. நான் நடத்துறன்."

"தனியவோ?" என்றாள் மேரிசாந்தி.

"இவ்வளவு நாளும் ஆர் நடத்தினது எண்டு நினைக்கிறியள்?"

மேரிசாந்தி மகளை நீண்ட நேரம் பார்த்தாள். கோபமா, பெருமையா என்று அந்த முகத்தில் பிரித்தறிய முடியவில்லை. "நாங்கள் யோசிக்கோணும்," என்று மட்டும் சொன்னாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பி, "வாங்கோ," என்றாள். இருவரும் ஒரே கதவால் வெளியே போனார்கள். சயந்தன் பைலைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ," என்று பின்னால் ஓடினான்.

மண்டபத்தில் லோஜினியும் பத்ரியும் மிஞ்சினார்கள். ரோல்ஸ் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: கொள்முதல் பேச வந்த ஒரு மனிதனை இருத்தி வைத்து, குடும்பத்தின் உள்வீட்டுக் கதை எல்லாவற்றையும் கேட்க வைத்திருக்கிறோம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். "உங்கட நேரம் வீணாப் போச்சுது."

"எனக்கா?" பத்ரி எழுந்து கோட்டை எடுத்தான். "நான்தான் மன்னிப்பு கேக்கணும். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்தாகி இருக்கும்."

"அப்ப உங்களுக்குக் கோபமில்லையோ?"

"இருக்கு. நல்ல கட்டடம். எனக்கு இது வேணும்." அவன் அதை மறைக்காமல் சொன்னான். "ஆனா உங்க அம்மா தூங்கறதுக்கு எங்க ஹோட்டலைத் தேடி வந்தாங்கன்னு கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அவங்க வாசல்ல நுழையறப்போ எல்லாம் நான் கிண்டலாத்தான் சிரிச்சிருக்கேன்."

லோஜினி அவனைக் கதவுவரை வழியனுப்ப நடந்தாள். அவன் வாசலுக்குப் போகவில்லை. ரிசெப்ஷன் மேசையின் முன்னால் போய் நின்றான்.

"ஒரு ரூம் வேணும்."

"என்ன?"

"ரூம். பாதி காலின்னு நீங்கதானே சொன்னீங்க."

"உங்களுக்கு ரெண்டு ஹோட்டல் இருக்கு!"

"இருக்கு. ஆனா ரெண்டுலயும் இந்த மாதிரி ரோல்ஸ் இல்ல."

அவள் மேசைக்குப் பின்னால் போனாள். பழக்கதோஷம், யாராவது முன்னால் வந்து நின்றால் கால்கள் தாமாகவே அங்கே போய்விடும். இவன் விளையாடுகிறானா என்று முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இருந்தது. ஆனால் விளையாட்டு இல்லை.

"எத்தினை நாளைக்கு?"

"நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும்."

"அப்ப கனநாள் இருக்கவேண்டி வரும்."

"பரவாயில்ல."

அவளுடைய முகமும் காதுகளும் சூடேறின. அப்பாவிடமிருந்துதான் இந்தக் காதுகள் தனக்கு வந்திருக்கின்றன என்று நினைத்தாள். கையெட்டிய திறப்பு ஒன்றைச் சாவிக் கொக்கியிலிருந்து எடுத்து, அது எந்த அறை என்று பார்த்துக்கொண்டாள்.

"காலமைச் சாப்பாடு ஏழு மணிக்கு," என்றாள் முடிந்த அளவு இறுக்கமாக. "ஆனால் சமைக்கிறவர் நாளைக்கு எழும்பமாட்டார். நான்தான் சமைப்பன்."

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது," என்று சொல்லித் திறப்பை அவன் கையில் வைத்தாள் லோஜினி.